இரண்டு மெஷின், ஒரு நெஞ்சு

சன்னாசி தன் பெண்டாட்டி பாக்கியத்தின் அண்ணன் வைத்திலிங்கத்துக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி மூவாயிரத்து எண்ணூற்று நாற்பது ரிங்கிட் ஐம்பது காசு. அந்த ஐம்பது காசு, கடன் கொடுத்த அன்றைக்குச் சன்னாசியின் அடையாளக் கார்டை வைத்திலிங்கம் நகல் எடுத்த செலவு.

அப்பேர்ப்பட்ட மனுஷர் இன்றைக்குத் தன் காரில், தன் பெட்ரோலில், சன்னாசியைப் பட்டர்வொர்த்திலிருந்து கடல் பாலம் தாண்டித் தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்.

"மச்சான், டோல் காசு நான் தரவா?"

"வேணாம் மாப்ள. நீ நெஞ்சப் பாத்துக்க."

சன்னாசி மச்சானை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். டோல் காசை வேண்டாம் என்று சொன்ன வைத்திலிங்கத்தை அவன் கல்யாணம் ஆன நாள் முதலாய்ப் பார்த்ததில்லை.

சன்னாசிக்கு ஐம்பத்தெட்டு வயது. துறைமுகக் கிடங்கில் இருபத்தாறு வருஷமாகப் பாரந்தூக்கி வண்டி ஓட்டுகிறான். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம். இந்த வருஷம் கம்பெனி டாக்டர் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்துவிட்டு, கோடு கோணலாக ஓடுகிறது, மூன்று மாதத்துக்குள் இதயக் குழாயில் அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று காகிதம் கொண்டுவா, இல்லையென்றால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசை எட்டு மாதம் நீண்டு கிடந்தது. வண்டியிலிருந்து இறங்கினால் வீட்டுத் தவணைக்கு என்ன செய்வது என்று சன்னாசி தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தபோதுதான் வைத்திலிங்கம் ஒரு காகிதத்தோடு வந்தார்.

இதயத்தைப் படம் பிடிக்க இரண்டு மெஷின் இருக்கிறதாம். ஒன்று பழையது, ஒன்று புதியது. இரண்டிலுமே கொஞ்சம் கதிர் வீசுகிற மருந்தை ரத்தத்தில் ஏற்றுவார்கள். ரத்தம் போகிற இடமெல்லாம் வெளிச்சமாகத் தெரியும், அடைத்த இடம் இருட்டாக இருக்கும். எந்த மெஷின் சரியாகச் சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க, ஒரே ஆளை இரண்டிலும் படுக்கவைத்துப் பார்க்கிறார்கள். காசு கிடையாது. சாப்பாடு உண்டு. வழிச்செலவுக்கு முப்பது ரிங்கிட் கையில்.

"சும்மா பாத்துட்டு முப்பது வெள்ளி வேற குடுப்பானா? என்னமோ இருக்கு" என்றான் சன்னாசி.

"உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்தான் மாப்ள" என்றார் வைத்திலிங்கம்.

சந்தேகம் வராமல் என்ன செய்யும். இதோ, யாரையும் வழி கேட்காமல் கட்டடத்துக்குப் பின்பக்கம் காசு வாங்காத இடத்தில் காரைச் சொருகுகிறார். லிப்டில் ஏறியதும் நாலாம் மாடிக்கு அவராகவே பொத்தானை அமுக்குகிறார். கழிவறை எந்தப் பக்கம் என்று சன்னாசி முழிக்கும்போதே, "இடது கைப்பக்கம், ரெண்டாவது கதவு" என்கிறார். இவ்வளவும் தெரிந்த மனுஷர், பெயர் பதிகிற கவுண்டருக்கு வந்ததும் முகமூடியைக் கண் வரைக்கும் ஏற்றிக்கொண்டு மீன் தொட்டியை உற்றுப் பார்த்தபடி நின்றுவிட்டார்.

கவுண்டரில் ஜெகதா என்ற தமிழ்ப் பெண் இருந்தாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"கூட வந்திருக்கிறவரு யாருண்ணே?"

"என் மச்சான்."

"எங்கயோ பாத்த மாதிரி இருக்கு."

வைத்திலிங்கத்துக்கு அந்த நிமிஷம் பார்த்துத் தண்ணீர்த் தாகம் எடுத்தது. போனவர் பெயர் பதிந்து முடியும்வரை வரவில்லை.

சன்னாசிக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒர்க்ஷாப்புக்குக் கார் பிடித்துக் கொடுக்கிறவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று இருக்கிறதல்லவா, அதே மாதிரி இவருக்கும் ஆஸ்பத்திரியில் ஏதோ வருகிறது.

அன்றைக்குப் படம் எடுக்கவில்லை. காபி, தே என்கிற டீ எதுவும் ஒரு நாள் முழுக்கக் குடிக்கக்கூடாது என்று காகிதத்தில் இருந்தது. சன்னாசி தலைவலியோடு அதைக் காப்பாற்றியிருந்தான். உள்ளே நர்ஸ் மிஸி கேட்டாள்.

"கோப்பி?"

"தொடல."

"தே?"

"வாசனகூடப் பிடிக்கல."

"வேற என்ன குடிச்சீங்க?"

"மைலோ. ரெண்டு டம்ளர். கோப்பி இல்லாம கை நடுங்குச்சு."

மிஸி பேனாவை மூடினாள். மைலோவில் கொக்கோ இருக்கிறது, அதுவும் காபிக்குச் சொந்தக்காரன்தான், நெஞ்சைத் தூண்டுகிற மருந்தை வேலை செய்யவிடாது என்று சொல்லி அடுத்த வாரத்துக்கு அனுப்பிவிட்டாள். திரும்பும் வழியெல்லாம் வைத்திலிங்கம் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"சின்னப் புள்ளைக்குக் குடுக்கிறதக் குடிச்சிட்டு வந்து நிக்கிறியே மாப்ள. ஒரு வாரம் போச்சே."

"போனா என்ன மச்சான்? என் நெஞ்சுதான?"

அவர் முன்னால் போன லாரிக்கு ஹாரன் அடித்தார்.

அடுத்த வாரம் பழைய மெஷின். நெஞ்சைத் தூண்டும் மருந்தை முதலில் ஏற்றினார்கள். மேட்டில் பாரத்தோடு ஏறுகிற வண்டி மாதிரி சன்னாசியின் நெஞ்சு உறுமியது. அப்போதே கதிர் மருந்தையும் ஊசியில் போட்டு, கையில் காகித வளையம் மாட்டி, ஒரு மணி நேரம் வெளியே உட்காரச் சொன்னார்கள். சும்மா இல்லை. கேன்டீனில் முட்டை போட்ட ரொட்டி சானாய் இரண்டு, கொழுப்பு எடுக்காத பால் ஒரு குவளை, எண்ணெய் மிதக்கிற குழம்பு.

"நெஞ்சு ஆஸ்பத்திரில நெய்யும் எண்ணெயும் தின்னச் சொல்றானுங்க. பாத்தீங்களா மச்சான்? அடைப்பு இல்லாதவனுக்கும் அடைச்சு விட்டுத்தான் அனுப்புவானுங்க."

"ஈரல்ல தங்கின மருந்து எறங்கறதுக்கு மாப்ள. இல்லன்னா படத்துல நெஞ்ச மறைச்சிரும்."

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

வைத்திலிங்கம் ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்ததும் சன்னாசிக்குப் பயம் வந்துவிட்டது. ஊசிக்குப் பயமில்லை, மெஷினுக்கும் பயமில்லை. படத்துக்குத்தான். படத்தில் ஒரு இடம் இருட்டாக இருந்துவிட்டால் வண்டிச் சாவி போய்விடும். வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தவன் பக்கத்தில் வைத்திலிங்கம் நகர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"மாப்ள, நான் ஒண்ணு சொல்லுவேன். தப்பா நெனைக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"என் நெஞ்சு கல்லு மாதிரி. நான் போய்ப் படுத்தா படம் பளிச்சுன்னு வரும். உனக்கு வேல நிக்கும்."

"உங்களுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

"உன் வேல போனா என் காசு போச்சு. அதான்."

அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் சன்னாசிக்கு மூச்சு சீராக வந்தது. பாசம் என்று சொல்லியிருந்தால் எழுந்து ஓடியிருப்பான்.

கழிவறையில் சோப்பைப் பூசிக் காகித வளையத்தை உருவி வைத்திலிங்கத்தின் கையில் மாட்டினார்கள். இருவருக்கும் ஒரே அளவு மீசை, ஒரே அளவு தொப்பை. முகமூடியும் நீல அங்கியும் தலைக்குத் தொப்பியும் போட்டபின் யார் யார் என்று பாக்கியமே வந்தாலும் யோசிக்கத்தான் வேண்டும். ஊசி போட்ட மிஸி வேறு, மெஷின் அறையில் இருந்த மிஸி ஹஸ்னா வேறு. வைத்திலிங்கம் உள்ளே போனார். சன்னாசி கதவோரம் பெஞ்சில் துணைக்கு வந்தவனைப்போல உட்கார்ந்துகொண்டான்.

இருபது நிமிஷம் கழித்து, ஹஸ்னா மலாய் முறையில் மாமா என்று கூப்பிடுகிற குரல் கேட்டது.

"பாக்சிக், உங்க நெஞ்சு இருக்கிற எடத்துல ஒண்ணுமே இல்ல."

"நல்லா பாருங்க மிஸி. இருக்கும்."

"பாத்துட்டேன். வெறும் இருட்டு. நெஞ்சே இல்ல."

வெளியே சன்னாசிக்கு இதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை. நகல் எடுத்த ஐம்பது காசைக் கடனில் எழுதினவர்தானே.

ஊசி ஏறிய உடம்பைத்தான் அந்த மெஷின் பார்க்கும் என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை. ஊசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, மீசை உள்ளே படுத்திருந்தது. ஹஸ்னா கதிர் அளக்கிற சின்னப் பெட்டியை எடுத்து வைத்திலிங்கத்தின் மேல் தலையிலிருந்து கால்வரை ஓட்டினாள். பெட்டி ஊமையாக இருந்தது. பெட்டி கெட்டுவிட்டதோ என்று கதவைத் திறந்து வெளியே நீட்டினாள். பெட்டி தகரத்தில் ஆணி கொட்டின மாதிரி கத்தியது.

"நீங்க யாரு பாக்சிக்?"

"கூட வந்தவன்."

"உங்க மேல எப்படி இவ்வளவு கதிர்?"

"ஒரே கார்லதான் மிஸி வந்தோம்."

"நோயாளிங்க போற கழிவறைக்குப் போனீங்களா?"

சன்னாசி தலையாட்டினான். அதற்குத் தலையாட்டியது தப்பாகப் போயிற்று. ஹஸ்னா கையுறை மாட்டிக்கொண்டு அவன் செருப்பைக் கழற்றி மஞ்சள் பையில் போட்டுக் கட்டினாள். பெட்டி கத்தியது. சட்டையைக் கழற்றச் சொன்னாள். அதையும் கட்டினாள். பெட்டி இன்னும் பலமாகக் கத்தியது. அவள் கண் சன்னாசியின் கால்சட்டைக்குப் போய், பிறகு அவன் முகத்தில் நின்றது.

"இருங்க. டாக்டரக் கூப்பிடறேன்."

அவள் போன திசைக்கு எதிர்த்திசையில் இரண்டு பேரும் படியிறங்கினார்கள். அறுபத்தாறு வயதில் நாலு மாடி இறங்கிய வைத்திலிங்கம் காருக்குப் பக்கத்தில் குனிந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார்.

"கல்லு மாதிரி நெஞ்சுன்னீங்க" என்றான் சன்னாசி, வெறுங்காலோடும் வெற்றுடம்போடும்.

"படி செங்குத்தா இருக்கு மாப்ள."

வீட்டுக்குப் போனால் பாக்கியம் வாசலில் நின்றாள்.

"சட்ட எங்க? செருப்பு எங்க?"

"அரசாங்கம் எடுத்துக்கிச்சு."

"நெஞ்சப் பாக்கப் போன ஆளு, துணியக் குடுத்துட்டு வர்றீங்க. நாளைக்குப் பல்லு வலின்னு போனா என்னத்தக் குடுப்பீங்க?"

சன்னாசி இனிமேல் அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தான். ஆனால் இரண்டாம் நாளே ஜெகதா போனில் கூப்பிட்டாள். ஊசி நரம்பில் சரியாக ஏறவில்லை போலிருக்கிறது, பழைய மெஷினைப் பிறகு பார்க்கலாம், புது மெஷினுக்கு வியாழக்கிழமை வாருங்கள் என்று இந்த ஆராய்ச்சித் திட்டத்தை நடத்துகிற டாக்டர் சோங் சொல்கிறாராம்.

"புது மெஷின்ல அந்தத் தொல்லையே இல்ல மாப்ள" என்றார் வைத்திலிங்கம். அவருக்கு அத்தனை உற்சாகம். "படுத்திருக்கும்போது மிஸிகிட்ட எல்லாத்தையும் கேட்டுக்கிட்டேன். மெஷினுக்குள்ள படுத்தப்புறந்தான் மருந்தையே ஏத்துவாங்க. ஒண்ணேகால் நிமிஷத்துல அதுல பாதி காணாமப் போயிரும். அது ஓடும்போதே படம். யாரு படுக்கிறாங்களோ அவங்க நெஞ்சுதான் விழும். அர மணி நேரத்துல வீடு."

"நானே படுத்துட்டு வந்துடறேன் மச்சான். ஒரு தடவ பட்டது போதும்."

"படத்துல இருட்டா விழுந்துச்சுன்னா?"

சன்னாசி இடுப்பில் தொங்கிய வண்டிச் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வியாழக்கிழமை மறுபடியும் சோப்பு, மறுபடியும் அங்கி. ஹஸ்னா இந்தத் தடவை உஷாராக இருந்தாள். கதவிலேயே நிறுத்தினாள்.

"பேரு?"

"சன்னாசி."

"ஐ.சி. நம்பர்?"

வைத்திலிங்கம் சன்னாசியின் அடையாளக் கார்டின் பன்னிரண்டு எண்ணையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். சன்னாசிக்கே தன் நம்பர் அவ்வளவு சரளமாக வராது. ஐம்பது காசு நகலை மாதாமாதம் எடுத்துப் பார்த்தவருக்கு மறக்குமா.

அரை மணி நேரத்தில் வெளியே வந்தவர், நேராக நிற்காமல் பெஞ்சில் உட்கார்ந்து இடது கையை நீவிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான்?"

"கையத் தலைக்கு மேல தூக்கி வச்சிருந்தது. வேற ஒண்ணுமில்ல."

நாலு நாளில் படம் பேசிவிட்டது. சன்னாசி கிடங்கில் அரிசி மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஜெகதா கூப்பிட்டாள்.

"அண்ணே, பதட்டப்படாம கேளுங்க. ரெண்டு குழாய்ல பெரிய அடைப்பாம். டாக்டர் உடனே வந்து படுக்கச் சொல்றாரு. பாரம் தூக்காதீங்க, வண்டி ஓட்டாதீங்க. கம்பெனிக்கும் கடுதாசி அனுப்பியாச்சு."

போனைச் சட்டைப்பையில் போடுவதற்குள் சூப்பர்வைசர் கையில் காகிதத்தோடு வந்து நின்றார். இருபத்தாறு வருஷமாகச் சன்னாசியின் இடுப்பில் தொங்கிய சாவி அவர் கைக்குப் போயிற்று.

வீட்டில் பாக்கியம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"ஐயோ, என் புருஷனுக்கு இப்படி ஆயிருச்சே."

"அழாத பாக்கியம். அது என் நெஞ்சு இல்ல."

"பின்ன யாரு நெஞ்சு?"

சன்னாசி நடந்ததை எல்லாம் சொன்னான். பாக்கியம் ஒரு நிமிஷம் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, "ஐயோ, என் அண்ணனுக்கு இப்படி ஆயிருச்சே" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அழுகை அதேதான், ஆள் மட்டும் மாறியிருந்தது.

சன்னாசி வைத்திலிங்கத்துக்குப் போன் போட்டான். கடனை ஏமாற்ற என் தலையில் நோயைக் கட்டுகிறாயா என்று கத்துவார் என எதிர்பார்த்தான். அவர் கத்தவில்லை.

"ரெண்டு குழாயா? எவ்வளவு அடைப்புன்னு சொன்னாங்க?"

"தெரியல மச்சான். பெருசாம்."

"கம்பி வைக்கணுமா, நெஞ்சப் பிளக்கணுமா, தங்கச்சி?"

"நான் பாக்கியம் இல்ல மச்சான். சன்னாசி."

"சரி மாப்ள. இப்ப நீ என்ன செய்யப் போற?"

அதுதான் சன்னாசிக்கும் தெரியவில்லை. வாயைத் திறந்தால் போலீஸ் வரைக்கும் போகலாம். திறக்காவிட்டால் வண்டி போனது போனதுதான். ஆனால் படம் தன் பேரில் கிடக்கிறவரை மச்சானை யாரும் படுக்கவைக்கமாட்டார்கள், மச்சானும் போய்விடுவார், அவரோடு கடனும் போய்விடும். இந்தக் கணக்கு ஒரு நிமிஷம் அவன் தலைக்குள் வந்து நின்றது. பொய் சொல்வானேன், ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூடவே நின்றது. பிறகு பாக்கியத்தின் அழுகை காதில் விழுந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

டாக்டர் சோங் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ரெண்டு மெஷின்ல எது உண்மை சொல்லுதுன்னு நாங்க பாக்கிறோம். ரெண்டு ஆளு சேந்து பொய் சொன்னா மெஷின் என்ன செய்யும்?"

டாக்டர் இரண்டு படத்தையும் மேஜையில் அருகருகே வைத்தார்.

"ஒரே ஆளுக்கு ஒரு மெஷின் நெஞ்சே இல்லங்குது, இன்னொண்ணு ரெண்டு அடைப்புங்குது. பழைய மெஷினக் கழட்டிப் பாக்க ஆள் வரச் சொல்லிட்டேன். நாளைக்கு வர்றான். அவன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"மெஷின் நல்ல மெஷின்னு சொல்லுங்க டாக்டர்."

போலீஸ் வரவில்லை. வைத்திலிங்கத்தை அன்றைக்கே படுக்கவைத்து, மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு இரண்டு குழாயையும் திறந்தார்கள். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் ஆளே இருந்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார். சன்னாசியைத் திட்டத்திலிருந்து நீக்கினாலும், கம்பெனிக்கு அனுப்பிய கடுதாசியைத் திருப்பி எடுக்க வேண்டுமே என்று அவனை நிஜமாகவே பழைய மெஷினில் படுக்கவைத்தார். படத்தில் அடிப்பக்கம் ஒரு நிழல் விழுந்தது. சன்னாசி பயத்தில் செத்தே போனான். சந்தேகத்துக்குப் புது மெஷினிலும் போட்டுப் பார்த்தார்கள். அதில் நிழலைக் காணோம்.

"அது அடைப்பு இல்ல. உங்க தொப்ப" என்றார் டாக்டர் சோங். "பழைய மெஷின் அதுல ஏமாந்திருச்சு. புதுசு ஏமாறல. கடைசில எனக்கு ஒரு உபயோகம் ஆனீங்க."

சாவி திரும்பக் கிடைத்த மறுநாள் சன்னாசி வார்டுக்குப் போனான். வைத்திலிங்கம் தலையணைக்கு அடியிலிருந்து கடன் காகிதத்தை எடுத்து, நாலாகக் கிழித்தார்.

"மூவாயிரத்து எண்ணூத்தி நாப்பது அம்பது. முடிஞ்சு போச்சு மாப்ள. நீ போய் உண்மையச் சொல்லலன்னா நான் இல்ல."

"அந்த அம்பது காசுமா மச்சான்?"

"அம்பது காசும்."

சன்னாசி துண்டுகளைப் பொறுக்கிக் கட்டில் விரிப்பில் வைத்து ஒட்டுச் சேர்த்துப் பார்த்தான். அசல்தான். நகல் இல்லை. அப்போதுதான் அவனுக்குக் கண் கலங்கியது. இத்தனை நாளாக இந்த மனுஷரை வீணாகச் சந்தேகப்பட்டோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. ஆராய்ந்து பார்த்து நல்ல நெஞ்சு என்று சொல்லப்பட்ட நெஞ்சு.

போகும் வழியில், கதிர் அடங்கிவிட்டதால் செருப்பையும் சட்டையையும் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார்கள். கவுண்டரில் ஜெகதா மஞ்சள் பையை எடுத்துக் கொடுத்தாள். சன்னாசிக்கு யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"என்னப் பெத்த அப்பன் மாதிரிம்மா எங்க மச்சான். எனக்கு வேல போயிரக்கூடாதுன்னு தானே வந்து படுத்தாரு. படுத்த எடத்துல அவரு நோயி தெரிஞ்சுது. கடவுள் செயல். கடனையே வேணாம்னுட்டாரு."

ஜெகதா வார்டுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். முகமூடி இல்லாத வைத்திலிங்கத்தின் முகம் கதவு வழியாகத் தெரிந்தது.

"அட, அவருதானா? ரெண்டு மாசம் முன்னாடி நெஞ்சு வலின்னு இங்க வந்தாருண்ணே, இந்தத் திட்டத்துல அறுபத்தஞ்சு தாண்டிட்டா சேக்கறதில்ல, வெளிய புது மெஷின்ல எடுத்தா ஏழாயிரம் ஆகும்னேன், ‘அப்போ அந்தப் பேப்பர் ஒண்ணு குடும்மா, எனக்கு நாலாயிரத்துக்குக் கிட்ட பாக்கி வச்சிருக்கிறவனுக்கு அம்பத்தெட்டுதான் ஆகுது’ன்னு வாங்கிட்டுப் போனாரு."